'கூல்' தொடரைப் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்பது எப்படி: திருகோணமலைக்கு ஏற்ற ஒரு வழிகாட்டி

திகில் தொடர் ஒன்றைப் பார்த்து முடித்தவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "பரவாயில்லை", "பயங்கரம்", "சும்மா இழுத்திட்டான்" என்ற மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் பதிலாக வரும். இந்தப் பதில்கள் பேச்சை முடித்துவைக்க உதவுமே தவிர, அவர் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார், எந்த இடத்தில் திரையை நிறுத்திவிட்டு எழுந்து போனார், யார் பக்கம் நின்று கதையைப் பார்த்தார் என்பவற்றைச் சொல்லமாட்டா. வாசிப்பு வட்டமோ திரைப்பட வட்டமோ வெறுமனே ஒரு நண்பர் குழுவோ வைத்திருப்பவர்கள், பார்வையாளர் கருத்தை ஒழுங்காகக் கேட்டு ஒழுங்காக எழுதிவைக்க விரும்பினால், அதற்கென்று சில முறைகள் உண்டு. கெட்டுப்போன எதிர்காலம் ஒன்றைக் காட்டும் டிஸ்டோபியா வகைத் திகில் தொடர்களை முன்வைத்து அவற்றை இங்கே எழுதுகிறேன். வேறு ஊர்களில் இத்தகைய தொடர்கள் வரப்போகும் காலத்தைப் பற்றிய எச்சரிக்கையாகப் பார்க்கப்படுகின்றன. திருகோணமலையில் நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்கோ, திரையில் வருவதில் பாதி ஏற்கெனவே நடந்து முடிந்த காலம். ஆகவே இங்கே ஒருவர் "பயமாக இல்லை" என்று சொன்னால், அதை அப்படியே குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடக்கூடாது.

எந்தத் தொடர், எத்தனை அத்தியாயம்

முதலில் நீளத்தைப் பாருங்கள். 'த வாக்கிங் டெட்' 2010 இல் தொடங்கி 2022 இல் முடிந்தபோது 11 பருவங்களும் 177 அத்தியாயங்களுமாக நீண்டிருந்தது. அதைப் பற்றிப் பேசக் கூடினால், ஒருவர் மூன்றாம் பருவத்தில் நிற்பார், இன்னொருவர் ஏழாம் பருவத்தில் வெறுத்துக் கைவிட்டிருப்பார், பேச்சு முழுவதும் "அதைச் சொல்லாதேங்கோ, நான் இன்னும் பார்க்கேல்லை" என்பதிலேயே கழிந்துவிடும். 2021 இல் வந்த 'ஸ்குவிட் கேம்' முதற் பருவம் 9 அத்தியாயங்கள் என்பதால் ஓரளவு கையாளத்தக்கது. 2019 இல் வந்த 'லைலா' 6 அத்தியாயங்கள் கொண்டது. ஆனால் அது திகிலைவிட அரசியலையே நம்பி நிற்பது. பிரித்தானியாவின் சானல் 4 இல் 2011 இல் ஆரம்பித்த 'பிளாக் மிரர்' தொடரில் ஒவ்வோர் அத்தியாயமும் தனிக்கதை என்பதால், புதிதாகத் தொடங்கும் குழுவொன்று அதிலிருந்து ஒரேயொரு கதையை எடுத்துப் பழகலாம்.

என்னுடைய தெரிவு 'கூல்'. அரபு நாட்டார் கதைகளில் வரும் பிணந்தின்னிப் பேயின் பெயரைத் தலைப்பாகக் கொண்ட இந்த இந்தித் தொடர், நெட்ஃபிளிக்ஸில் 24 ஆகஸ்ட் 2018 அன்று வெளியானது. மூன்றே அத்தியாயங்கள், ஒரே இரவில் பார்த்து முடிக்கலாம். பேட்ரிக் கிரஹாம் எழுதி இயக்கியிருக்கிறார். மதப் பிரிவினை முற்றிப்போய், படையினரின் கைக்குள் சென்றுவிட்ட, அண்மைய எதிர்காலத்து இந்தியா ஒன்று கதையின் களம். விசாரணை அதிகாரியாகப் பயிற்சி பெறும் நிடா ரஹீம் என்ற முஸ்லிம் பெண், அரசுக்கு விரும்பத்தகாத கருத்துகளைப் பேசும் தன் தகப்பனைத் தானே பிடித்துக் கொடுக்கிறாள். பின்னர் அவள் 'மேக்தூத் 31' என்ற இரகசியத் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே கொண்டுவரப்படும் அலி சயீத் என்ற கைதி மனிதன்தானா என்ற சந்தேகம் மெல்ல எழுகிறது. நிடாவாக நடிப்பவர் ராதிகா ஆப்தே. நம்மவர்களில் பாதிப் பேர் அவரை 2016 இல் வந்த 'கபாலி'யின் குமுதவல்லியாகத்தான் அறிவார்கள். அந்த அடையாளம் முதல் அத்தியாயம் முடியும்வரை சிலருக்குக் குறுக்கே நிற்பதும் உண்டு என்பதால், அதையும் ஒரு கருத்தாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, எங்கே பார்ப்பது என்ற கேள்வி. மண்டபம் ஒன்றை எடுத்து, புரொஜெக்டர் வைத்து, ஊரைக் கூட்டிக் காட்டிவிடலாம் என்ற எண்ணம் உடனே தோன்றும். நெட்ஃபிளிக்ஸ் கணக்கு என்பது வீட்டாரின் சொந்தப் பாவனைக்கு மட்டும் உரியது என்று அதன் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. எனவே பொதுக் காட்சி வேண்டாம். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் பார்க்கட்டும். பேசுவதற்கு மட்டும் ஓரிடத்தில் கூடுங்கள். இந்த ஏற்பாட்டில் நிறுத்த விரும்பியவர் நிறுத்தவும், எழுந்துபோக விரும்பியவர் பிறர் பார்வையில் படாமல் எழுந்துபோகவும் முடிகிறது. கருத்துக் கேட்பவருக்கு இந்த நிறுத்தங்களைவிடப் பெறுமதியான தகவல் வேறில்லை.

பார்த்த சூழலை ஒவ்வொருவரும் குறித்துவைக்கும்படி முன்பே சொல்லிவிடுங்கள்: கைத்தொலைபேசியா, டிவியா, இரவா, பகலா, தனியாகவா, ஆட்களுடனா, காதில் ஹெட்செட் இருந்ததா. 'கூல்' ஏறக்குறைய முழுவதும் வெளிச்சம் குறைந்த நிலவறைக்குள் நடக்கும் கதை. மத்தியானம் நிலாவெளிப் பக்கம் வெயில் தெறிக்கும் விறாந்தையில் இருந்துகொண்டு ஆறங்குலத் திரையில் பார்த்தவர் "ஒண்டும் தெரியேல்லை, எல்லாம் இருட்டு" என்று சொன்னால், அந்தக் குறையில் ஒளிப்பதிவாளருக்கு எவ்வளவு பங்கு, விறாந்தைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். மொழியையும் அப்படியே குறிக்கச் சொல்லுங்கள். இந்தி ஒலியோடு ஆங்கில வரிகளை வாசித்தபடி பார்த்தவரின் கண், பாதி நேரம் திரையின் அடியில்தான் இருந்திருக்கும். மூலையில் அசைந்த உருவம் அவருக்குத் தப்பியிருக்கலாம்.

யாரை அழைப்பது, என்ன சொல்லி அழைப்பது

ஒரே பாடசாலையில் படித்த, ஒரே வயதுடைய ஆறு பேரை அழைத்தால் ஆறு பேரும் ஒரே கருத்தைத்தான் ஆறு விதமாகச் சொல்வார்கள். உவர்மலையில் இருந்து ஒருவர், திருக்கடலூரில் இருந்து ஒருவர், கிண்ணியாவிலோ மூதூரிலோ இருந்து இருவர், நகரத்தில் வளர்ந்த சிங்கள நண்பர் ஒருவர், போருக்குப் பிறகு பிறந்த இளையவர் இருவர் என்று கலந்து அழையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம் நல்லது. கிண்ணியாவில் இருந்து வருபவர்கள் மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்கு முன் வீடு திரும்பிவிடலாம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டிராவிட்டால் படகுப் பாதை நேரத்தையும் பார்த்துத்தான் கூட்டம் வைக்க வேண்டியிருந்திருக்கும்.

அழைக்கும்போது தொடரில் என்ன வருகிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தடுப்பு முகாம், சித்திரவதை, தலையில் துணி மூடிக் கொண்டுவரப்படும் கைதி, பெற்ற தகப்பனைக் காட்டிக்கொடுக்கும் மகள் ஆகியவை இருக்கின்றன என்று சொன்னால் கதையின் சுவை கெட்டுவிடாது, ஏனெனில் இவையெல்லாம் முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். இந்த ஊரில் இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 2015 நவம்பரில் இலங்கைக்கு வந்த, பலவந்தமாகக் காணாமலாக்கப்பட்டோர் தொடர்பான ஐ.நா. செயற்குழு, திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் இருந்த இரகசியத் தடுப்பு இடம் ஒன்றைத் தான் பார்வையிட்டதாக வெளிப்படையாகவே அறிவித்தது. தொடரின் தயாரிப்பாளர்கள் நிலவறையைக் கற்பனையில் கட்டினார்கள். நம் குழுவுக்கு வருபவர்களில் ஒருவருடைய அண்ணனோ மாமாவோ எங்கே கொண்டுபோகப்பட்டார் என்பது இன்றுவரை தெரியாமல் இருக்கலாம். அப்படிப்பட்டவர் வரவேண்டாம் என்று நீங்களே முடிவெடுத்து அழைக்காமல் விடுவதும் மரியாதை அல்ல. என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு, முடிவை அவரிடம் விடுங்கள். வந்தபின், அவருடைய குடும்பத்துக்கு நடந்தது என்ன என்று எக்காரணம் கொண்டும் கேட்காதீர்கள். அவர் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். குறிப்பேட்டை அந்த நேரத்தில் மூடிவையுங்கள்.

பேசுவதற்கு முன் எழுதச் சொல்லுங்கள்

நம்முடைய கூட்டங்களில் மூத்தவர் முதலில் பேசுவதுதான் வழக்கம். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளையள், இது வெறும் பிரச்சாரம்" என்று தொடங்கிவிட்டால், அதன் பின் மற்றவர்கள் எல்லோரும் "ஓம் சேர், அதோடை பாருங்கோ" என்று அவருடைய வாக்கியத்துக்கு வால் பிடிப்பார்கள். அவருக்கு எதிராகப் பேச நினைத்த பல்கலைக்கழக மாணவி கடைசி வரை ரோல்ஸைப் பிய்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போவாள். இதைத் தவிர்க்க வழி எளியது. பிளேன் ரீ கொடுப்பதற்கு முன்னால் ஆளுக்கொரு அரைத்தாள் கொடுத்து, ஐந்து நிமிடம் மௌனமாக எழுதச் சொல்லுங்கள். பிறகு வயதில் இளையவரில் இருந்து வாசிக்கத் தொடங்குங்கள். தாளில் இருப்பதை வாசித்து முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டால், மூத்தவர்களுக்கும் மனத்தாங்கல் வராது. எழுதத் தயங்குபவர் இருந்தால், அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொடுக்கலாம்.

தாளில் என்ன எழுதச் சொல்வது? "பிடித்ததா" என்று கேட்க வேண்டாம்; ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றும் கேட்க வேண்டாம். நட்சத்திரங்களின் சராசரி எதை மறைக்கிறது என்பதற்கு 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' நல்ல உதாரணம். 2023 ஜனவரியில் வெளியான அதன் மூன்றாம் அத்தியாயம், உலகம் அழிந்தபின் இரண்டு ஆண்களுக்கிடையே வளரும் நீண்ட காதலைச் சொன்னது. அதற்கு ஒரு புறம் முழுப் புள்ளிகளும், மறுபுறம் வேண்டுமென்றே குவிக்கப்பட்ட ஒற்றைப் புள்ளிகளும் விழுந்தன. அந்த இரண்டையும் கூட்டி வகுத்தால் வரும் எண் எந்த ஒரு பார்வையாளருடைய கருத்தும் ஆகாது. பார்த்த நேரத்தின் கணக்கும் அவ்வாறே. 'ஸ்குவிட் கேம்' முதல் 28 நாட்களில் 165 கோடி மணிநேரம் பார்க்கப்பட்டதாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. அந்த மணிநேரங்களில் எத்தனை வியப்போடு கழிந்தன, எத்தனை வெறுப்போடு கழிந்தன என்பது அதில் இல்லை.

அதற்குப் பதிலாக, கண்ணை மூடினால் முதலில் வரும் காட்சி எது, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் அல்லது நிறுத்த நினைத்தீர்கள், அந்த நேரத்தில் யார் பக்கம் இருந்தீர்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் பதில்கள் மிகவும் வேறுபடும்.

பயத்தைப் பிரித்துக் கேட்டல்

'பயம்' என்று எல்லோரும் எழுதுவது ஒரே பயம் அல்ல. கதவு திடீரென்று அடித்துச் சாத்துவதால் வரும் திடுக்கம் ஒன்று. சதையும் இரத்தமும் கண்டு வரும் அருவருப்பு இன்னொன்று. அடுத்த அறையில் யாருக்கோ என்னவோ நடக்கிறது, கேட்க ஆளில்லை என்று தெரிந்தபின் அடிவயிற்றில் வந்து உட்காரும் அச்சம் மூன்றாவது. முதல் இரண்டும் திகில் வகைக்குப் பொதுவானவை. டிஸ்டோபியா வகை தன்னுடைய வேலையைச் செய்திருக்கிறதா என்பது மூன்றாவதில்தான் தெரியும். எனவே ஒருவர் பயந்தேன் என்றால், எந்தப் பயம் என்று கேளுங்கள். பயப்படவில்லை என்றால், எந்தப் பயம் வரவில்லை என்று கேளுங்கள்.

இப்படிக் கேட்டதால் எனக்குக் கிடைத்த ஒரு பதிலை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். எழுபதை நெருங்கும் ஆசிரியை ஒருவர், தலையில் துணி மூடிய கைதி இழுத்துக்கொண்டு வரப்படும் காட்சியில் தொடரை நிறுத்தியிருந்தார். துணிக்குள் இருப்பவன் கைதி என்று கதை சொன்னாலும், தன்னுடைய மனம் அவனைத் தலையாட்டியாகவே எடுத்துக்கொண்டது என்றார். சுற்றிவளைப்பு நாட்களில் ஆண்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, முகம் மூடிய ஒருவனின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டு, அந்தத் தலை அசைந்தால் ஆளைத் தனியே பிரித்துக்கொண்டுபோன காலத்தைக் கண்டவர் அவர். துணியில் வெட்டப்பட்ட இரண்டு ஓட்டைகளுக்குள் தெரிந்த கண்கள் தெரிந்தவருடையவையா என்று தேடிய பழக்கம் கைவிடாமல், திரையிலும் அந்தக் கண்களையே தேடியிருக்கிறார். மறுநாள் காலையில், யன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு மிகுதியைப் பார்த்து முடித்தார். "பேய் வந்தாப் பிறகுதான் எனக்குப் பயம் போனது. அதுக்குப் பிறகு அது கதை எண்டு விளங்கீட்டுது" என்றார். இதைச் சுருக்கி, 'பேய்க் காட்சிகள் பயமூட்டவில்லை என்று மூத்த பார்வையாளர் ஒருவர் கருதினார்' என்று எழுதினால் ஒவ்வொரு சொல்லும் சரியாகவே இருக்கும்; அவர் சொன்னது மட்டும் இருக்காது.

அதே கூட்டத்தில் இருந்த இருபது வயது இளைஞன் இதற்கு நேர்மாறாக எழுதியிருந்தான். முதல் அத்தியாயம் நிடாவின் வீடு, வகுப்பு, விசாரணை என்று நீண்டு சலிப்பூட்டியதாகவும், பேய் வெளிப்பட்ட பின்னரே தான் போர்வையை இழுத்துக்கொண்டதாகவும் அவன் எழுதினான். இந்த இரண்டு கருத்துகளில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் வேலை கூட்டம் நடத்துபவருக்கு இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும்.

கதாபாத்திரங்களைப் பற்றிக் கேட்கும்போது

நிடாவைப் பற்றி நிச்சயமாகக் கேளுங்கள், ஆனால் அவசரப்படாமல் கேளுங்கள். வெளிநாட்டுப் பார்வையாளர் ஒருவருக்கு அவள், கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பின்னர் கண் திறக்கும் கதாநாயகி. நம் கூட்டங்களில் முதலில் விழும் சொல் 'காட்டிக்கொடுத்தவள்' என்பதுதான். அந்தச் சொல் விழுந்தபின் அவளை யாரும் எளிதில் மீட்டெடுக்க விடமாட்டார்கள். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது, தகப்பனுக்கு நல்லது செய்வதாகவே அவள் நம்பினாளா, அந்த நம்பிக்கையைத் தொடர் உங்களை ஏற்கச் செய்ததா என்பதை. மகள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதைத் தொடர் போதிய நேரம் எடுத்துக் காட்டவில்லை என்பது பலர் சொல்லும் குறை. எனக்கும் அதே அபிப்பிராயம்தான். மூன்று அத்தியாயங்களுக்குள் அடக்க வேண்டிய அவசரத்தில் நிடாவின் மனமாற்றம் நடை பழகுமுன் ஓட விடப்பட்டிருக்கிறது. முழுநீளப் படமாகத் திட்டமிடப்பட்ட கதை பின்னர் மூன்று பகுதிகளாக ஆக்கப்பட்டது என்ற செய்தியைப் பேச்சின் இறுதியில் சொல்லுங்கள். முன்னரே சொன்னால், எல்லோரும் அந்த வெட்டுத் தடங்களைத் தேடுவதிலேயே இறங்கிவிடுவார்கள்.

முகாமின் பொறுப்பாளரான கேணல் டகூனாவாக மானவ் கவுல் நடித்திருக்கிறார். குடியும் குலைந்துபோன குடும்பமுமாக அவரைக் காட்டுவது, கொடுமைக்குச் சாக்குச் சொல்வதா, அல்லது கொடுமை செய்பவனுக்கும் வீடு உண்டு என்று காட்டி நம்மை மேலும் கலங்கச் செய்வதா என்பதில் கருத்துகள் பிரியும். படையில் இருந்த உறவினர் உள்ள சிங்கள நண்பர் ஒருவர் இந்தப் பாத்திரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார். விடுமுறையில் வந்தும் வீட்டில் நித்திரை கொள்ள முடியாத ஒருவரைத் தன் சிறுவயதில் பார்த்ததாகச் சொன்னார். அந்த நேரத்தில் அறையில் சிலருடைய முகம் இறுகியது. இப்படி ஒரு தருணம் வரும்போது கூட்டம் நடத்துபவர் சமாதானம் பேசப் புறப்படாமல், "அந்தக் காட்சியில் கேணல் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேட்டு எல்லோரையும் திரைக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவருடைய தமிழ் தடுமாறினால், சிங்களத்தில் சொல்லவிட்டு ஒருவர் மொழிபெயர்க்கட்டும்.

பிறகு பேய். அந்த உருவத்துக்கு ஒரு விதி உண்டு: குற்றத்தை வெளிக்கொண்டுவந்து சதையை உண்பது. மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பே அதைத்தான் சொல்கிறது. அதை அழைத்தது யார் என்பது இறுதியில்தான் தெரியும் என்பதால் இங்கே சொல்லவில்லை. வேறு எந்த நீதிமன்றமும் கிடைக்காத ஒருவருடைய அழைப்பு அது என்று மட்டும் சொல்லலாம். இதைப் பேசும்போது ஒரு தாய், பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில் தேங்காய் உடைத்து "நீயே கேள்" என்று சொல்லிவிட்டு வருவதும் இதுவும் ஒன்றுதானே என்றார். மதத்தைத் தொடுகிறதே என்று அந்த ஒப்பீட்டைத் தவிர்க்க நினைக்க வேண்டாம். இந்தத் தொடரைப் பற்றி இந்த ஊரில் மட்டுமே சொல்லக்கூடிய கருத்து அது.

ஜின்னும் சந்தேகமும்

கிண்ணியா, மூதூர்ப் பார்வையாளர்களிடம் இருந்து இரண்டு வகைக் கருத்துகள் வரும். இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிவிடாதீர்கள். ஒன்று நம்பிக்கை சார்ந்தது. முதல் அத்தியாயத்தின் தலைப்பு, புகையில்லாத நெருப்பில் இருந்து வந்ததைப் பற்றியது. ஜின்கள் புகையற்ற தீச்சுவாலையில் இருந்து படைக்கப்பட்டவை என்று குர்ஆன் சொல்கிறது. எனவே ஒரு முஸ்லிம் பார்வையாளருக்கு ஜின் என்பது கதாசிரியரின் கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் இரத்தத்தால் குறி வரைந்து அழைப்பது போன்றவை மார்க்கத்துக்குப் புறம்பானவை என்றும், நாட்டார் கதையையும் நம்பிக்கையையும் தொடர் கலந்து குழப்பிவிட்டது என்றும் சிலர் கோபப்படுவார்கள். திகில் ரசிகரான இன்னொரு இளைஞர், "மச்சான், காலம்பூரா பங்களாப் பேயையே பார்த்த எங்களுக்கு நம்மட ஊருக் கதையைக் காட்டினது நல்லாத்தான் இரிக்கி" என்று மகிழவும் கூடும். ஒருவருடைய கருத்தை ஊரார் முழுவதினதும் கருத்தாக எழுதிவிடாதீர்கள்.

இரண்டாவது, சந்தேகிக்கப்படுவதைப் பற்றியது. நிடா அரசுக்கு எவ்வளவு விசுவாசமாக நடந்தாலும், அவளுடைய பெயரைக் கேட்டவுடன் சக அதிகாரிகளின் பார்வை மாறுகிறது. தொடர் வந்து எட்டு மாதங்களில், 21 ஏப்ரல் 2019 அன்று உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்தன. அதன் பின் முகம் மூடும் ஆடைக்குத் தடை வந்தது, கைதுகள் நடந்தன, வீட்டில் இருக்கும் அரபு எழுத்துப் புத்தகத்தை எங்கே வைப்பது என்று மக்கள் யோசித்தார்கள். 2018 இல் பார்த்தவரும் 2019 க்குப் பிறகு பார்த்தவரும் ஒரே தொடரைப் பார்க்கவில்லை. ஆகவே எந்த ஆண்டில் பார்த்தீர்கள் என்பதையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். தமிழ்ப் பார்வையாளர்களுக்கு இதே இடத்தில் வேறோர் ஆண்டு நினைவுக்கு வரும்: தற்காலிக ஏற்பாடாக 1979 இல் கொண்டுவரப்பட்டு 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம். ஒரு சமூகத்தவர் தம் அனுபவத்தைச் சொல்ல, மற்றவர் "எங்களுக்கு அது எப்பவோ நடந்தது" என்று போட்டிக்கு நிற்கும் ஆபத்து இந்த இடத்தில் உண்டு. அது தொடங்கினால் பிளேன் ரீயைக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். பத்து நிமிட இடைவேளை பல வாக்குவாதங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

எழுதி வைத்தல்

ஒலிப்பதிவு செய்வதாயின் எல்லோரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம். தாள்களைச் சேகரித்துக்கொண்டு, அன்றிரவே எழுதுவது நல்லது. இரண்டு நாள் கழித்தால் மற்றவர்களுடைய வாக்கியங்கள் உங்களுடைய நடைக்கு மாறிவிடும். பெயர், வேலை செய்யும் இடம், ஒழுங்கை ஆகிய எதையும் எழுதாதீர்கள். சிறிய ஊரில், 'ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை, இரண்டு மகன்மார் கனடாவில்' என்று எழுதினாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். வயதையும் பார்த்த சூழலையும் மட்டும் கொடுங்கள்.

கதைச் சுருக்கத்துக்கு ஒரு பத்திக்கு மேல் ஒதுக்காதீர்கள். நம்மவர் எழுதும் விமர்சனங்களில் பெரும்பாலானவை கதையைச் சொல்லி முடித்துவிட்டு, கடைசி மூன்று வரியில் கருத்தை வைப்பவை. 'ராதிகா ஆப்தே அருமையாக நடித்திருக்கிறார். மூன்றாம் அத்தியாயம் சற்றுத் தொய்வு. அனைவரும் கட்டாயம் பார்க்க வேண்டிய தொடர்' என்ற வாக்கியங்களை எந்தத் தொடரின் பெயருக்குக் கீழும் ஒட்டிவிடலாம். அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: 'விசாரணை அறையில் கைதி பேசத் தொடங்கியதும், இருபத்தாறு வயதுப் பார்வையாளர் ஒருவர் ஒலியைக் குறைத்துவிட்டார். அவன் மிரட்டியதால் அல்ல, விசாரிப்பவர்களைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒன்றை அவன் நிதானமாகச் சொன்னதால் என்றார். அதே காட்சியை டிவியில் குடும்பத்துடன் பார்த்த இன்னொருவருக்கு அது மேடை நாடகம்போலத் தோன்றியது.' இதில் தீர்ப்பு எதுவும் இல்லை; ஆனால் தொடரைப் பார்க்காதவர்கூட, தனக்கு அது ஒத்துவருமா என்று இதை வைத்து முடிவெடுக்கலாம்.

பேச்சுத் தமிழில் சொன்னதைப் பேச்சுத் தமிழிலேயே மேற்கோளாகக் கொடுங்கள். கிண்ணியா வழக்கை நகர வழக்காகத் திருத்தாதீர்கள். உங்களுடைய சொந்த அபிப்பிராயத்தை மறைக்கவும் வேண்டாம், மற்றவர்களின் வாயில் வைக்கவும் வேண்டாம். தனிப் பத்தியாக, 'எனக்கு' என்று தொடங்கி எழுதிவிடுங்கள். எனக்கு, உதாரணமாக, இந்தத் தொடரின் முதல் அத்தியாயம் மிகச் சிறந்தது, மூன்றாவது மிகப் பலவீனமானது, பேயின் ஒப்பனை தேவைக்கு மேல் வெளிச்சத்தில் காட்டப்பட்டுவிட்டது. பெயர்களையும் ஆண்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள். நெட்ஃபிளிக்ஸில் 'சேக்ரட் கேம்ஸ்' வந்த அதே 2018 இல் இதுவும் வந்து, இரண்டிலும் ராதிகா ஆப்தே நடித்திருப்பதால், பலர் இரண்டின் காட்சிகளையும் கலந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

எழுதி முடித்ததும் யாருக்கும் அனுப்புவதற்கு முன்னர், பேசியவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைத் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பி, இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். சிலர் ஒரு சொல்லை மாற்றுவார்கள். ஒருவர் முழுவதையும் எடுத்துவிடச் சொல்லக்கூடும். சொன்னால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு 'லைலா'வை எடுப்பதாயின் ஆறு அத்தியாயங்களுக்கு மூன்று வாரம் கொடுங்கள். கோணேசர் கோவில் திருவிழா நாட்களிலும் நோன்பு மாதத்திலும் நாள் குறிக்க வேண்டாம்.